இடப்பக்கம் சுற்றிய வலம்புரி

“இதை இப்பவே ஆன் பண்ணிக் காட்டுங்க சார்.”

நான் கேட்டது இவ்வளவுதான். சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார் முனைவர் இளமாறன்.

துப்பறியும் வேலையில் சேர்ந்த அன்றே எங்கள் முதலாளி மருதப்பன் எனக்குச் சொல்லிவைத்த எச்சரிக்கை ஒன்றே ஒன்று. “பொருள் தொலைஞ்சுபோச்சுன்னு கஸ்டமர் சொன்னா தேடு. திருடிட்டாங்கன்னா திருடனைப் பிடி. ஆனா அந்தப் பொருள் வேலை செய்யுதான்னு மட்டும் கேட்றாதே. சந்தேகமெல்லாம் மத்தவங்க மேலதான் படணும், நம்மளைக் கூப்பிட்டவங்க மேல இல்ல லா.” ஜாலான் புசார் தெருவில் குழாய்க் கடைக்கு மேல்மாடியில் நிறுவனம் நடத்துகிறவர் அவர். தத்துவமும் அந்தக் குழாய் வழியாகத்தான் வரும், இந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வோடு.

“மகளே,” என்றார் இளமாறன், “அது வரலாறு. வரலாற்றை யாரும் ‘ஆன்’ செய்வதில்லை.”

“அதான் ஆஃப்லயே இருக்கா?” என்றாள் ஜெனிவீவ். என் உதவியாளர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது என்பது அவளுடைய ஒரே தகுதிக்குறைவு. அதனால்தான் என்னோடு ஒத்துப்போகிறது.

காலாங் வட்டாரத்தில் இருந்த அந்த நிறுவனம் படகுகளுக்கு ஆண்டெனா செய்கிறது. அங்கே அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. ‘அலைவாங்கி’ என்றுதான் சொல்ல வேண்டும். லிஃப்ட்டின் மேல் ‘மின்தூக்கி’, காப்பி மெஷினின் மேல் ‘குளம்பி’ என்று ஒட்டியிருந்தார்கள். ஊழியர்களை வேலையைவிட்டுத் துரத்தும் கடிதம் மட்டும் ஆங்கிலத்தில் போகும். சட்டச் சிக்கல் வந்துவிடக் கூடாதல்லவா.

அப்படித் துரத்தப்பட்டவள்தான் சுஷ்மிதா. நாகப்பட்டினத்திலிருந்து வந்து இளமாறனிடம் வேலை பார்த்த பொறியாளர். போகும்போது ஓர் ஆண்டெனாவைக் கையோடு எடுத்துப் போய்விட்டாள். “அது என் கண்டுபிடிப்பின் களவு நகல்,” என்பது இளமாறனின் வாதம். அதை நிரூபிக்கத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார். இன்று மாலை நான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டால், அதை இணைத்து அவர் போலீசில் புகார் கொடுப்பார். சுஷ்மிதாவுக்கு வேறொரு நிறுவனத்தில் வேலை ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. புகார் விழுந்த நிமிடம் அந்த வேலை போகும். அடுத்து, திருடி என்ற பெயரோடு ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

அவள் திருடியதற்குச் சாட்சியாக அவர் காட்டிய ‘அசல்’ என் எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. வெள்ளைக் குழாய். அதைச் சுற்றிச் சுற்றி ஏறும் செம்புக் கம்பி. அடியில் வட்டமான உலோகத் தட்டு. மேலே தனி விளக்கு வேறு; நகைக்கடை தோற்றது. பித்தளைப் பலகையில் இப்படிப் பொறித்திருந்தது: ‘வலம்புரி அலைவாங்கி. முனைவர் இளமாறன் தம் கைப்படச் சுற்றியது.’

“பொங்கலன்று காலை,” என்றார் அவர், மேடையில் நிற்கும் குரலில். “இதே சன்னலில் இதை நீட்டினேன். குடை போன்ற டிஷ் கிடையாது. வேறெந்தத் துணையும் கிடையாது. கப்பல்களுக்கு விண்வெளித் துணைக்கோள் அனுப்பும் புயல் எச்சரிக்கை அப்படியே வந்து விழுந்தது.”

நான் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், வாங்கியது மின்னணுவியலில். கைகளை மெல்ல உயர்த்தி, முதலில் வலது கட்டைவிரலையும் பிறகு இடது கட்டைவிரலையும் தூக்கிப் பார்த்தேன்.

“என்ன செய்கிறாய்?”

“வாழ்த்து சொல்றேன் சார்.”

அவர் மகிழ்ந்தே போனார். “நீ முதல் தலைமுறைப் பட்டதாரி என்று மருதப்பன் சொன்னார். உன்னைப் போன்றவர்கள் முன்னேறுவதைக் கண்டால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. இந்த நுட்பங்களை எண்ணி நீ தலையை உடைத்துக்கொள்ளாதே. கையெழுத்து மட்டும் போடு.”

நாய்க்குட்டியின் தலையைத் தடவுகிற தொனி. பற்களைக் கடித்துக்கொண்டேன். ஜெனி அதற்குள் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளிப் பீடத்தில் உட்கார்ந்திருந்த சங்கை நோக்கிக் கையை நீட்டியிருந்தாள்.

“தொடாதே! வலம்புரிச் சங்கு. இலட்சத்தில் ஒன்றுதான் அப்படி அமையும்.”

“சாரி டாக்டர். நான் சர்ச்சுக்குப் போற ஆளு. புளூடூத் ஸ்பீக்கர்னு நினைச்சேன். சரி, இந்த வரலாறு பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?”

அதற்கு மட்டும் மறுப்பில்லை. தலைமுடியைக் கோதிவிட்டு அவரும் பக்கத்தில் வந்து நின்றார்.

“மாலையில் வாருங்கள்,” என்றார் வழியனுப்பும்போது. “சில பிரமுகர்களை அழைத்திருக்கிறேன். நீ கேட்டாயே, அந்த நிகழ்த்திக்காட்டலை அவர்கள் முன்னிலையில் செய்துவிடுகிறேன். போதுமா?”

காலையில் தொடவே கூடாத வரலாறு மாலையில் மட்டும் எப்படி ஓடும்? கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே மின்தூக்கியில் இறங்கினேன்.

*

“கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிப் பாத்தியே, என்ன அது? லிஃப்ட் கேட்டியா?” என்றாள் ஜெனி.

“வலது கையைக் காட்டு. குழாயைப் பிடிக்கிற மாதிரி விரலை மடக்கி, கட்டைவிரலை மேல தூக்கு. விரல் மடியற பக்கமா சுத்திக்கிட்டே கம்பி மேல ஏறினா, அது வலது சுத்து. இடது கைக்குப் பொருந்தினா இடது சுத்து.”

“பெட்டிக்குள்ள இருந்தது?”

“இடது.”

“போர்டுல எழுதியிருந்தது?”

“வலம்புரி.”

“அதனால என்ன? போர்டுல இருக்கறதும் கடையில இருக்கறதும் எந்த ஊர்ல ஒண்ணா இருக்கு?”

“ஜெனி, அந்தத் துணைக்கோள் அனுப்பற அலை வலது பக்கமா முறுக்கிக்கிட்டு வருது. ஆண்டெனாவும் அதே பக்கம் சுத்தியிருக்கணும். போல்ட்டும் நட்டும் மாதிரி. மரை மாறிட்டா எவ்வளவு திருகினாலும் ஏறாது. முன்னாடி டிஷ் இருந்தாலாவது, அதுல பட்டுத் திரும்பும்போது அலையோட முறுக்கு மாறும். டிஷ்ஷே இல்லைன்னு அவர்தான் மார்தட்டினார்.”

“அப்ப அது ஆண்டெனா இல்ல. துணி காயப்போடற கம்பி.”

“அதுவும் ஒரே ஒரு சாக்ஸ்தான் காயும்.”

“ஒரு முனைவருக்கு இடது எது, வலது எதுன்னு தெரியாதா? டிரைவிங் டெஸ்ட்ல நான் அப்படித்தான் ஃபெயில் ஆனேன். எனக்கு யாரும் பித்தளைப் பலகை வைக்கலையே.”

அவள் கேட்டதுதான் என்னையும் குடைந்தது. திருடியிருந்தாலும் சரி, சொந்தமாகச் செய்திருந்தாலும் சரி, பலகையில் வலம் என்று பெருமையாகப் பொறித்துவிட்டு எவனாவது கம்பியை இடமாகச் சுற்றுவானா?

*

தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு தையல் கடைக்கு மேலே, நாலைந்து பெண்கள் பகிர்ந்துகொண்ட அறையில் சுஷ்மிதா இருந்தாள். கதவைத் திறந்தவள் ஜெனியைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

“மறுபடியும் எதை எடுத்துட்டுப் போக வந்தீங்க?”

கேட்கவேண்டிய கேள்விதான். போன வாரம் ஜெனி இங்கே வந்து, “சோதிச்சுப் பாத்துட்டுத் தந்துடறோம்,” என்று இனிக்க இனிக்கப் பேசி அவளுடைய ஆண்டெனாவை வாங்கிப் போயிருந்தாள். அது எங்கள் அலுவலக பீரோவில் இருந்தது.

“எதையும் எடுக்க வரல,” என்றேன். “ஒரே ஒரு கேள்வி. கம்பியை எந்தப் பக்கம் சுத்தினீங்க?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கி எங்களுக்கு இடம் செய்தாள்.

“வந்தவங்க எல்லாரும் ஏன் எடுத்தேன்னுதான் கேட்டாங்க. எப்படிச் செஞ்சேன்னு யாரும் கேக்கல. வலது பக்கம். அந்தத் துணைக்கோளுக்கு வேற எப்படிச் சுத்த முடியும்?”

அதன்பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. ஓர் எவர்சில்வர் தட்டில் முறுக்கைக் கொட்டி வைத்துவிட்டு, கைகளாலேயே காற்றில் ஆண்டெனாவைக் கட்டினாள்.

“ஒரு சுத்துக் கம்பியோட நீளம், வர்ற அலையோட நீளத்துக்குச் சமமா இருக்கணும். அதை வச்சுத்தான் குழாயோட பருமன். ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் நடுவுல அந்த நீளத்துல கால்வாசி இடைவெளி. சுத்து ஏற ஏறக் காது கூர்மையாகும், ஆனா ஒரே திசையைத்தான் கேக்கும். கரையில நிக்கிறதுக்கு அது சரி. எங்க ஊர்ப் படகு ஆடுமே? ஆடினாலும் கேக்கணும்னு சுத்தைக் குறைச்சேன். எத்தனைல நிறுத்தறதுங்கிறதுதான் ஏழு மாசம் ஆச்சு. குழாய் வாங்கினது உங்க ஆபீசுக்குக் கீழ இருக்கற கடையிலதான்.”

“அடியில இருக்கற தட்டு?”

“பின்னால போற அலையை முன்னால தள்ளறதுக்கு. லேப்ல கேட்டா அதுக்கு ஒரு அனுமதி, அந்த அனுமதிக்கு ஒரு அனுமதி. ஊர்லேர்ந்து ரெண்டு தட்டு கொண்டாந்திருந்தேன். ஒண்ணுல ஓட்டை போட்டுட்டேன். இன்னொண்ணுதான் இது.”

ஜெனி அந்த இன்னொன்றைத் தூக்கிச் சாய்த்து, தூளையும் வாயில் போட்டுக்கொண்டு, அடிப்பக்கத்தைப் படித்தாள். “பாக்கியலட்சுமி யாரு? வீட்டு ஓனரா?”

“எங்கம்மா. சீர் வரிசைல வந்த தட்டு. ஓட்டை போட்டதை இன்னும் சொல்லல. பொண்ணைத் திருடின்னு சொன்னாக்கூடத் தாங்கிக்குவாங்க, தட்டு விஷயத்தைத் தாங்க மாட்டாங்க.”

“வலம்புரிங்கிற பேரு யாரு வச்சது?” என்று கேட்டேன்.

“நான்தான். சார் ஒரு நாள் ரூமுக்குக் கூப்பிட்டு, ‘எப்படிச் சுற்றியிருக்கிறாய்?’ன்னார். ரைட் ஹேண்ட்னேன். மூஞ்சி சுருங்கிருச்சு. ‘தமிழில் சொல்.’ வலம்புரின்னேன். எழுந்து நின்னு கைதட்டினார். அடுத்த வாரம் மேடையில அந்த வார்த்தை அவரோடது. அதுக்கப்புறம் ஆண்டெனாவே அவரோடது. நான் சண்டை போட்டேன், வேலை போச்சு.”

“உங்க ஆண்டெனாவைக் கையில வாங்கிப் பாத்திருக்காரா?”

“கையில வாங்குனா அழுக்காகிடுமே. பேரை மட்டும்தான் வாங்கினார்.” சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்தினாள். “அது பத்திரமா இருக்குதானே? அது போச்சுன்னா நான்தான் செஞ்சேன்னு காட்ட எங்கிட்ட ஒண்ணுமே இல்ல.”

“பீரோவில பூட்டி வச்சிருக்கோம்,” என்றேன். “என் பொறுப்பு.”

*

கீழே தெருவில் சரசக்காவின் பூசைச்சாமான் கடை. ஊதுவத்திப் புகைக்குள் நடந்தபடி ஜெனி பொரிந்துகொண்டே வந்தாள்.

“மண்டை காயுதுடி. அவர் அந்த ஆண்டெனாவை ஒழுங்காப் பாத்ததே இல்ல. சரி. வலம்புரிங்கிற வார்த்தை மட்டும் அவர் கையில. அவசரத்துக்குப் பெட்டியில வைக்க ஒண்ணு தேவை, தானே சுத்தியிருக்கார். சரி. ஆனா வலம்னா வலதுதானே? சின்னப்புள்ளைக்கே தெரியுமே!”

நான் நின்றுவிட்டேன். கண்ணாடி அலமாரியில் சங்குகள் வரிசையாக இருந்தன.

“சரசக்கா, வலம்புரி ஒண்ணு காட்டுங்க.”

“ஒரே ஒரு சின்னது இருக்கு. வாங்கறதா இருந்தா எடுக்கறேன், போட்டோ எடுக்கறதா இருந்தா வேணாம்.” சொல்லிக்கொண்டே எடுத்தும் விட்டார். “மூக்கு மேல இருக்கற மாதிரி பிடி. வாய் வலது பக்கம் திறந்திருக்கா? அதான் வலம்புரி. சும்மா கிடக்கற சங்குக்கெல்லாம் இடது பக்கம் திறந்திருக்கும்.”

சங்கின் முதுகில் ஏறும் புரியை விரலால் தடவினேன். வலது கட்டைவிரலைத் தூக்கினேன், பொருந்தவில்லை. இடது கையை மாற்றினேன். உறை போட்டதுபோல் உட்கார்ந்தது.

“ஜெனி.”

“என்ன?”

“வலம்புரிச் சங்கு சுத்தறது இடப்பக்கம்.”

“தலைகீழாப் பிடிச்சிருப்பே.”

“போல்ட்டைத் தலைகீழாப் பிடிச்சா மரை மாறுமா? வாய் எந்தப் பக்கம் திறக்குதுங்கிறதை வச்சு நம்ம ஆளுங்க பேரு வச்சிருக்காங்க. முறுக்கு அதுக்கு நேர் எதிர். சுஷ்மிதா வலம்புரின்னு சொன்னது வலது கைன்னு அர்த்தப்படுத்தி. அவர் புரிஞ்சுக்கிட்டது வெள்ளிப் பீடத்துல உக்காந்திருக்கற சங்கை.”

ஜெனி வாயைப் பொத்திக்கொண்டாள். “சங்கைப் பாத்து அதே மாதிரி கம்பியைச் சுத்தியிருக்கார்!”

“வார்த்தையைத் திருடினவர் அதோட அர்த்தத்தையும் சேத்துத் திருடியிருக்கணும். பாதியிலேயே கை வலிச்சிருச்சு போல.”

“வாங்கறீங்களா,” என்றார் சரசக்கா, “இல்ல கட்டைவிரலைக் காட்டிட்டுப் போகத்தான் வந்தீங்களா?”

*

ஜாலான் புசாருக்கு ஓட்டமும் நடையுமாக வந்தோம். சுஷ்மிதாவின் ஆண்டெனாவை எடுத்து, பெட்டியில் இருப்பதற்குப் பக்கத்தில் வைத்தால் போதும். ஒன்று கேட்கும், ஒன்று கேட்காது. மற்றதைப் பிரமுகர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

பீரோ திறந்து கிடந்தது. பூட்டு உடைபடவில்லை. ஆண்டெனா இருந்த அடுக்கு காலி.

என்னைத் தவிர, சாவி இன்னும் ஒருவரிடம்தான் உண்டு. அவருக்குப் போன் போட்டேன்.

“கஸ்டமர் பொருள் கஸ்டமர்கிட்டப் போயிருச்சு,” என்றார் மருதப்பன், எதையோ மென்றபடி. “நீ காலையில அவரை ஆன் பண்ணிக் காட்டச் சொன்னியாமே? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? ஒரு சின்ன டெமோவாம், அதுக்குத் தேவைன்னார், குடுத்தேன். இதுல என்ன இருக்கு?”

“அது அந்தப் பொண்ணோடது பாஸ். என் பொறுப்புன்னு வாங்கி வச்சது.”

“அந்தப் பொண்ணா நமக்கு கஸ்டமர்? சாயங்காலம் வந்து சிரிச்ச மூஞ்சியோட கையெழுத்துப் போடு. படிச்ச பொண்ணுதானே நீ? புரிஞ்சுக்க லா.”

வைத்துவிட்டார். 

நான் கேட்ட கேள்விதான் இளமாறனுக்கு வழி காட்டியிருக்கிறது. பெட்டிக்குள் இருப்பது கேட்காது என்று அவருக்குச் சந்தேகம் வர, கேட்கிற ஒன்றை என் முதலாளியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இனி அந்தப் பெட்டியில் சுஷ்மிதாவின் ஆண்டெனா நிற்கும், இளமாறனின் பெயரோடு. சுஷ்மிதாவிடம் மிச்சமிருப்பது ஒரு முறுக்குத் தட்டு.

முறுக்குத் தட்டு.

“ஜெனி, மறுபடியும் தேக்காவுக்குப் போ. அந்தத் தட்டை வாங்கிக்க. சுஷ்மிதாவைக் கூட்டிட்டு வந்து காலாங்ல கீழ நிக்கச் சொல்லு.”

“வெறும் தட்டா, முறுக்கோடவா?”

“வெறும் தட்டோட போனா உள்ள விடுவாங்களா?”

அவள் ஓடினாள். பீரோவை மூடுவதற்கு முன் எனக்கு ஒரு சின்ன வேலை இருந்தது. அதை முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

*

மாலை வெயில் மேற்குச் சன்னலில் இருந்தது. பிரமுகர்கள் வடையோடு நின்றார்கள். படகு நிறுவனத்துக்காரர்கள் இருவர், தமிழ் அமைப்புகளின் தலைவர்கள் சிலர், பட்டுப் புடவையில் இளமாறனின் மனைவி. ஓரமாக என் முதலாளி, என் கண்ணைப் பார்க்காமல் சட்டினியைப் பார்த்துக்கொண்டு.

பெட்டிக்குள் நின்றதைப் பார்த்தேன். வலது கட்டைவிரலை மெல்லத் தூக்கினேன். கச்சிதம்.

இளமாறன் பேசினார். பொங்கல் காலை வந்தது, தமிழின் தொன்மை வந்தது, சங்கு வந்தது. பிறகு வரலாற்றைப் பெட்டியிலிருந்து கையில் எடுத்து, கேபிளை மாட்டி, சன்னல் வழியே வானத்தை நோக்கி நீட்டினார். திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின: கடல் கொந்தளிப்பு, பலத்த காற்று, சிறு படகுகள் கவனம்.

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சுஷ்மிதாவுக்காக.

“அருமை சார்,” என்றேன். “முழுக்க உங்க கையாலேயே செஞ்சதா?”

“முழுக்க முழுக்க.”

“அடியில இருக்கற தட்டுகூட?”

“தேக்காவில் நானே போய் வாங்கினேன். புத்தம் புதிது.” வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். ஆண்டெனாவின் முனை வானத்தைப் பார்த்தால் தட்டின் அடிப்பக்கம் கூட்டத்தைப் பார்க்கும். அதை யோசிக்க ஆண்டெனாவோடு கொஞ்சம் பழகியிருக்க வேண்டும்.

“அப்ப பாக்கியலட்சுமி யாரு சார்?”

“எந்தப் பாக்கியலட்சுமி?”

“ஆமா,” என்றார் அவர் மனைவி, வடையைக் கீழே வைத்துவிட்டு. “எந்தப் பாக்கியலட்சுமி?”

படகு நிறுவனத்துக்காரர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய், தட்டின் விளிம்பில் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். “பா... க்... கி... பாக்கியலட்சுமின்னுதான் போட்டிருக்கு டாக்டர்.”

“புதுத் தட்டு வாங்கி யாரோட பேரை வெட்டியிருக்கீங்க?” மனைவியின் குரல் இப்போது மெதுவாக வந்தது. அந்த மெதுவுக்கு இளமாறன் திரும்பினார். அன்று முதல்முறையாக அவர் முகத்தில் உண்மையான பயம். திருட்டு வெளிப்பட்டதற்கு அல்ல.

“இல்ல... இது... நான் செய்யலம்மா, சத்தியமா நான் செய்யல!” தூய தமிழ் போன இடம் தெரியவில்லை.

“கேட்டுக்குங்க,” என்றேன் கூட்டத்திடம். “அவர் செய்யலையாம்.”

“முறுக்கு எடுத்துக்குங்க, முறுக்கு!” வாசலில் ஜெனி. தட்டை ஒரு சுற்று கொண்டுவந்து, கடைசி முறுக்கைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, தட்டைத் திருப்பிப் பிடித்தாள். அதே விளிம்பு, அதே புள்ளிகள், அதே பெயர். “ஜோடித் தட்டு. ஒண்ணு சுஷ்மிதா வீட்டுல முறுக்கு வைக்குது, இன்னொண்ணு இங்க வரலாறு படைக்குது. அம்மா, நீங்க கவலைப்படாதீங்க. இது சுஷ்மிதாவோட அம்மா பேரு. உங்க வீட்டுக்காரர் அந்த விஷயத்துல நல்லவர்தான். ஆண்டெனா விஷயத்துலதான் கைநீளம்.”

அடுத்து தன் போனை உயர்த்தினாள். காலையில் எடுத்த போட்டோவில், தலைமுடியைக் கோதிவிட்ட இளமாறனுக்குப் பக்கத்தில் வேறோர் ஆண்டெனா நின்றது. நான் வெள்ளிப் பீடத்திலிருந்து சங்கை எடுத்து அதற்கு நேரே பிடித்தேன். இந்த முறை யாரும் தொடாதே என்று சொல்லவில்லை.

“சங்கு எந்தப் பக்கம் முறுக்கியிருக்கோ, காலையில இருந்ததும் அதே பக்கம். இது ரெண்டும் இடது. இப்ப அவர் கையில இருக்கறது வலது. வலம்புரின்னு அவ சொன்ன சொல்லைக் கேட்டு, இவர் சங்கைப் பாத்துச் சுத்தினது காலையில இருந்த பொம்மை. காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவுல எங்க ஆபீஸ் பீரோ ஒண்ணு காலியாச்சு.”

மருதப்பன் வேகமாக வந்து என் முழங்கையைப் பிடித்தார். “தாரணி, போதும். வெளிய வா. நம்ம நிறுவனத்தோட பேரு என்னாகும்?”

கையை விடுவித்துக்கொண்டேன். இளமாறனிடம் போய், அவர் இன்னும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஆண்டெனாவின் கேபிளைக் கழற்றினேன்.

“இது என் நிறுவனத்தின் சொத்து!”

“தட்டு பாக்கியலட்சுமி அம்மாவோடது. மேல இருக்கற சுத்து அவங்க பொண்ணோடது. உங்களோடதுன்னு பாத்தா அந்தப் பித்தளைப் பலகைதான் சார். அதுல இருக்கற வார்த்தையும் அவளோடதுதான். ஆணி வேணா உங்களோடதா இருக்கும்.”

அவர் பிடி தளர்ந்தது. மனைவி அவரைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தில் எவருக்கும் பிடி தளரும்.

“ரிப்போர்ட்ல கையெழுத்து?” என்றார் மருதப்பன். இத்தனைக்குப் பிறகும்.

“போடத்தான் போறேன், போலீஸ் ஸ்டேஷன்ல. கீழ சுஷ்மிதா நிக்கிறா. நான் பாத்ததை நானே எழுதிக் குடுக்கறேன். பீரோவை யாரு திறந்தாங்கன்னும் கேப்பாங்க பாஸ், யோசிச்சு வச்சுக்குங்க.”

“நீ கோவத்துல பேசற. நாளைக்கு ஆபீசுக்கு வா, உக்காந்து பேசிக்கலாம்.”

“இப்பக் கோவம் வந்துதான் பேசறேன்னு நினைக்கிறீங்களா? ஆபீசுக்குப் போனா பீரோவைத் திறந்து பாருங்க. ஆண்டெனா இருந்த இடத்துல என் ஆபீஸ் கார்டும் வாசல் சாவியும் இருக்கு. மத்தியானமே வச்சுட்டேன்.”

அவர் வாய் திறந்தபடி நின்றார். எந்தப் பக்கம் திறந்தது என்று பார்க்க நான் நிற்கவில்லை. ஆண்டெனாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தட்டின் பெயர் பின்னால் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்படி, வாசலைத் தாண்டி நடந்தேன்.